மகன் பெயரில் ஒரு கடவுச்சொல்

எங்கள் பக்கத்தில் மத்தியானம் ஆனால் மழை வந்துவிடும், மேடம். அதனால் எங்கள் கிசி ஊர்ச் சனங்கள் காலையிலேயே கடைக்கு வந்து வேலையை முடித்துக்கொள்வார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் இன்டர்நெட் கடை. பலகையில் ஒஞ்சிரி என்று என் பெயர் இருக்கும். ஆனால் மொகாயா அப்பா கடை எது என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

பட்டாவும் நிலவரியும் கம்ப்யூட்டருக்குள் போனபோது ஊரே என்னிடம் வந்தது. கணக்கு திறக்கப் போன் நம்பர் வேண்டும். பாதிப் பேரிடம் பட்டன் போன், மீதிப் பேர் மாதம் ஒரு நம்பர் மாற்றுகிறவர்கள். "உன் நம்பரையே போட்டு விடுப்பா, யாரு அலையறது" என்றார்கள். போட்டேன். கடவுச்சொல்லுக்கு மூத்த பிள்ளையின் பெயரை வைக்கச் சொன்னேன், மறக்காது அல்லவா. வாழைமண்டி ஓமாரி வரும்போதெல்லாம் சொல்வார்: "என் பொண்டாட்டிகிட்ட மறைச்ச நிலம்கூட உன்கிட்டதான்டா இருக்கு. நீ செத்தா நானும் சேர்ந்து சாகணும்." அவர் நிலத்தில் ஒரு சாண்கூட நான் தொட்டதில்லை. வேண்டுமானால் விசாரியுங்கள்.

கெருபோ என் மனைவி. கோர்ட் பிரித்துவிட்டதாக உங்கள் விசாரணை ஃபைலில் இருக்கும். ஆனால் கல்யாணத்துக்குப் பரிசமாக நான் கொடுத்த மாடுகளை அவள் அப்பா திருப்பித் தரவில்லை. மாடு திரும்பாதவரை அவள் என் மனைவிதான், எங்கள் வழக்கம் அது.

நிலம் அவளுடையது, அதை நான் மறுக்கவே மாட்டேன். தேயிலை பறித்துச் சேர்த்து அவள் வாங்கியது. கோர்ட்டும் அவளுக்கே என்றது. அங்கே அவகாடோ மரத்தடியில் எங்கள் மகன் மொகாயா கிடக்கிறான். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான்.

நகர எல்லை நீண்டு அந்தச் சரிவுக்கும் வரி வந்த பிறகு, அதைக் கட்ட அவள் என்னிடம் வருவாள். "புருஷனா நீ எதுக்கும் லாயக்கில்ல, ஒஞ்சிரி. வரி கட்ட மட்டும் உன்ன விட்டா எனக்கு நாதியில்ல" என்று சிரிப்பாள். பிள்ளை போனபின் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எனக்குத் தெரிந்த கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் தெரியாதவன்போலக் கேட்பேன். "மொகாயா" என்பாள், மெதுவாக. அவள் வாயில் அந்தப் பெயரைக் கேட்க எனக்கு வேறு வழி இல்லாமல் போயிருந்தது.

இந்த வருஷம் வந்தவள், வரி பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும் என்றாள். அது இல்லாமல் நிலத்தை விற்க முடியாது.

"விக்கவா போற?"

"சிமென்ட் கடைக்காரர் கேக்கறார். லாட்ஜ் கட்டப் போறாராம்."

"பையன்?"

"எங்கண்ணன் நிலத்துக்கு மாத்திக்கறேன். பாதிரியார்கிட்ட சொல்லியாச்சு."

"அவன தோண்டியா எடுக்கப் போற?"

"ஏன்னு கேக்காத, ஒஞ்சிரி. எனக்கு வேற வழியில்ல."

நான் கேட்கவில்லை. அவள் போன பிறகு அவளுடைய மெயிலைத் திறந்தேன். வேவு பார்க்க இல்லை. அந்தக் கணக்கும் நான் திறந்து கொடுத்ததுதானே. நைரோபி ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. இதய வால்வு பழுது, சீக்கிரம் அறுவை செய்யவேண்டும், பணத்தோடு வரவும். கடையை இழுத்து மூடிவிட்டு அழுதேன், மேடம். நோயை எண்ணி அழுதேன், என்னிடம் அவள் சொல்லாததை எண்ணி அதைவிட அதிகம் அழுதேன்.

மறுபடி வந்தபோது சர்வர் டவுன் என்றேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன். மேடேறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாகத்தான் அவளுக்குப் பிடிக்கும்.

"நைரோபிலேர்ந்து ஏதாச்சும் வந்திருக்கா?"

"ஒண்ணும் வரல."

என் கடையை விற்றுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஆனால் கடையை வாங்குகிறவன் எப்படிப்பட்டவனோ, ஊரின் ரகசியம் எல்லாம் அவன் கைக்கல்லவா போகும்? என்னை நம்பியவர்களுக்கு நான் அப்படிச் செய்ய முடியாது.

வேறு யாரிடமாவது போய்ச் சான்று வாங்கிவிடுவாள் என்று பயந்துதான், அவள் நிலத்தை எனக்கே கொடுப்பதாகத் தானப் பத்திரம் போட்டேன். அவள் கணக்கிலும் என் நம்பர்தானே. கொடுப்பவருக்குச் சம்மதமா என்று என் போனுக்கு ஓடிபி வந்தது. வாங்குபவருக்குச் சம்மதமா என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் அடித்தேன். பையன் இருந்த இடத்திலேயே இருந்தான். அன்றைக்கு உகாலிக் களி கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மெயில் வந்தது. ஒரு தர்ம நிதி முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது, பணம் வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்று. நிலத்தை விற்கவே வேண்டியதில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். அவள் வீட்டுக்கு ஓட எழுந்தேன். வாசல்வரை போய்விட்டேன். அப்போதுதான் பத்திரம் ஞாபகம் வந்தது. அவள் பிழைத்து வந்து, அடுத்த வரி கட்ட உட்கார்ந்தால், திரையில் என் பெயரைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு இந்த முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

தேயிலை எடைபோடும் கொட்டகையில், கூடையை இறக்கும்போது விழுந்தாள். எழவில்லை. அவள் அண்ணன் ஒம்வெங்கா பிறந்த வீட்டுக்கு உடலை எடுத்துப்போக வண்டி கொண்டுவந்தான். நான் என் பெயருக்கு மாறியிருந்த பட்டாவைக் காட்டினேன். "மாடு திரும்பலையே ஒம்வெங்கா, நாங்க என்ன சொல்ல முடியும்?" என்றார்கள் பெரியவர்கள். மொகாயாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அழகான இடம். நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

அவள் மெயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாக ஒம்வெங்கா நைரோபி போய் வாங்கிவந்த அந்தப் பதில், உங்கள் மேசையில் இருக்கிறதே, அது நான் எழுதியதுதான். "எனக்குச் சிகிச்சை வேண்டாம். என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள். கெருபோ." நிச்சயமாகவா என்று ஒரு டாக்டர் திரும்பக் கேட்டார், நல்ல மனிதர். நிச்சயமாக என்று எழுதினேன்.

நானாகக் கற்பனை செய்து எழுதவில்லை, மேடம். பையனைக் குழியில் இறக்கியபோது, என்னையும் இவனோட போட்டு மூடிருங்க என்று மண்ணில் விழுந்து கத்தியவள் அவள்தான், ஊரே கேட்டது. அவள் சொன்னதைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.