பச்சை நிறத்தில் ‘படித்தாயிற்று’

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்தது நான் இல்லை. எனக்கு முன்னால் எங்கள் லீக்கின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொண்ட ஸ்டான் செய்த கோலம் அது. கொஞ்ச நேரம் பார்த்தால் கண்ணுக்குள் குளவி பறக்கும். ஸ்டான் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனபோது தளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். நான் முதல் வேலையாக வெள்ளைப் பின்னணி போட்டேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

உங்களுக்கு பேஸ்பால் பிடிக்காது என்றீர்கள். பரவாயில்லை, எங்களில் பாதிப் பேருக்கு மைதானம் வரை போகவே சோம்பல். டொலீடோவில் நாங்கள் ஒரு டஜன் பேர், ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எங்கள் அணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவர்கள் எங்கோ ஓர் ஊரில் வேர்க்க விறுவிறுக்கப் பந்தை அடித்தால், இங்கே சோபாவில் கிடக்கும் எங்களுக்குப் புள்ளி ஏறும். நார்பின் அணிக்கு ‘மூலவியாதி மன்னர்கள்’ என்று பெயர். அவன் தம்பி டேலின் அணிக்கு ‘நார்பின் முதல் மனைவி’. இந்த லட்சணத்தில்தான் எல்லோருமே.

கண்ணாடித் தொழிற்சாலையில் முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு எனக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. புள்ளிகள் தானாகக் கூடும்படி செய்தேன். கைபேசியில் திறந்தால் பக்கம் கோணிக்கொள்ளாமல் நிற்க வைத்தேன். என் மனைவி மார்லின் காபிக் கோப்பையோடு பின்னால் வந்து நிற்பாள். “லென், சமையலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. அதையும் ஒரு தடவை மேம்படுத்தேன்” என்பாள்.

ஆனால் தளத்துக்கு யாரும் வரவில்லை. யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சில நாட்களில் நானும், ஏதோ ஒரு தேடுபொறியின் தானியங்கியும் மட்டும்தான் இருந்தோம். அதில் அதுதான் அதிக நேரம் தங்கியது.

பிறகு மே மாதம் நார்ப் ஒரு பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, டேலுக்கு மாற்றிக் கொடுக்க மறுத்தான். டேல் தளத்தில் எழுதினான்: “உன் பிட்சரோட தோள்பட்டையும் உன் கல்யாணங்களும் ஒண்ணுதான்டா. எதுவும் சீசன் முடியிற வரைக்கும் தாங்காது.” அன்று மொத்த லீக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. பின்னணி நிறத்துக்காக யாரும் வருவதில்லை.

வாய்ச்சண்டைக்கென்று தனிப் பக்கம் திறந்தேன். சில வாரம் ஓடியது. ஆனால் அவர்கள் அடிப்படையில் நல்லவர்கள், மேடம். திட்டிவிட்டு மதுக்கடையில் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். அப்படி இருந்தால் ஒரு தளம் எப்படி வளரும்? எனவே நான் கொஞ்சம் கை கொடுத்தேன். டேல் மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளி ஃபோர்ட் வேய்னில் இருக்கிறான்; அவனைக் குத்தி நார்பின் பெயரில் எழுதினேன்: “அம்மா கையால பியரோகிக் கொழுக்கட்டை தின்ன மட்டும் ஃபோர்ட் வேய்னிலிருந்து வண்டி வரும். அம்மா வீட்டுக் கூரை ஒழுகினா வராது.”

நான் பொய் எழுதவில்லை. நார்ப் மனதில் அது இருந்தது, பல தடவை என்னிடமே சொல்லியிருக்கிறான். நான் தட்டச்சு மட்டும் செய்தேன்.

“நான் எழுதலடா” என்று நார்ப் சத்தியம் செய்தான்.

“பின்ன உன் பேர்ல போப்பாண்டவரா வந்து எழுதிட்டுப் போனாரு?” என்றான் டேல்.

டேலின் பெயரிலும் எழுதினேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஜூலை முடிவதற்குள் அண்ணனும் தம்பியும் ஒருவர் எண்ணை ஒருவர் கைபேசியில் தடுத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளவாவது பேச வேண்டுமே என்று தளத்திலேயே தனிச்செய்தி வசதி செய்து கொடுத்தேன். செய்தி திறக்கப்பட்டால் அனுப்பியவருக்குப் பச்சை நிறத்தில் ‘படித்தாயிற்று’ என்று காட்டும். அது என் சொந்த யோசனை.

செப்டம்பரில் இறுதிப் போட்டி அந்த இரண்டு பேருக்கும்தான். டெட்ராய்ட்டிலிருந்து முன்பின் தெரியாத ஆட்கள்கூட வாய்ச்சண்டை படிக்க வந்தார்கள். அந்த வாரம்தான் அவர்களுடைய அம்மா ஐரீனுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. நார்ப் தனிச்செய்தி அனுப்பினான். நிர்வாகி என்ற முறையில் நான் திறந்தேன்.

“டேல், அம்மா உன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்றாரு. நீ எழுதினது, நான் எழுதினது எல்லாத்தையும் விட்டுத்தள்ளு. கிளம்பி வாடா.”

நல்ல செய்தி. நார்ப் அவ்வளவு அழகாக எழுதுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது போய்ச் சேர்ந்தால் டேல் அப்போதே வண்டியை எடுத்திருப்பான். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். இறுதிப் போட்டி அத்தோடு படுத்திருக்கும். எனவே நிறுத்தி வைத்தேன். போட்டி முடியும் ஞாயிறு வரைக்கும்தான். ஐரீன் வலுவான பெண்மணி, ஒரு தடவை என்னைக் கரண்டியோடு சமையலறையிலிருந்து விரட்டியிருக்கிறாள். தாங்குவாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் செய்தியை டேலிடம் சேர்த்தால் அவன் மனம்தானே புண்படும். அவன் பெட்டிக்குள் போகும் முன்பே அழித்துவிட்டேன். அதை ஒரு மரியாதையாகத்தான் செய்தேன்.

நான் யோசிக்காமல் விட்டது பச்சை எழுத்து. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நார்ப் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். படித்தாயிற்று. அது பொய் என்று நீங்கள் சொல்ல முடியாது, மேடம். செய்தி படிக்கப்பட்டது. நான்தான் படித்தேன்.

டேலுக்குச் சாவுச் செய்தியைச் சொன்னது தேவாலயத்து அலுவலகம். அடக்கம் முடியும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே அண்ணனிடம் போனான். நார்ப் எழுந்தான்.

“படிச்சுப்புட்டு அங்கேயே குந்திக்கிட்டு இருந்தியேடா” என்றான்.

“எதைப் படிச்சேன்?”

நார்ப் தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியை மடக்கித் தூக்கினான். முதல் அடியிலேயே டேலின் இடது கண் போய்விட்டது என்கிறார்கள். கீழே கிடந்தும் அவன் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். “எதைப் படிச்சேன், நார்ப்? எதைப் படிச்சேன்?” கூடம் முழுக்க அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். என் வாயில் பன்றிக்கறி இருந்தது. வாயில் உணவோடு பேசுவது எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை.

மார்லின் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நார்ப் உங்கள் லாக்கப்பில் இருக்கிறான். தவறு எங்கே நடந்தது என்று நான் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்தேன். செய்தியைப் பெறுபவர் திறந்தாலும் நிர்வாகி திறந்தாலும் ஒரே பச்சை எழுத்து விழுந்திருக்கிறது. இவ்வளவுக்கும் காரணம் அந்த ஒரு வடிவமைப்புக் குறைதான். அதைச் சரிசெய்துவிட்டேன், மேடம். இனி நான் படித்தால் யாருக்கும் தெரியாது.