எதிர்க்கரை விளக்கு

ஊரை விட்டு எவ்வளவு தூரம் போனால் நல்ல இருட்டு கிடைக்கும் என்று பலர் என்னிடம் கேட்பார்கள். இருபத்தைந்து கிலோமீட்டர் என்பேன். முன்பு எட்டு போதும். பிறகு புறவழிச்சாலை வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது, விடிய விடிய விளக்கெரியும் கிடங்குகள் வந்தன. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். கைவிடப்பட்ட கல்குவாரியை ஒட்டிய மேட்டை நான்தான் தேடிப் பிடித்தேன். ஊர் வெளிச்சத்தை அங்கே ஒரு குன்று மறைத்துவிடும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். காலஞ்சென்ற என் தகப்பனார் பள்ளி ஆசிரியர். ஒளி கூடிக் குறையும் ஒரே நட்சத்திரத்தை இருபத்தாறு வருடம் பார்த்துத் தேதிவாரியாகக் குறித்தவர். பள்ளி மண்டபத்துக்கு அவர் பெயர்தான். அந்த வாசலை நான் தலைகுனிந்து கடந்ததில்லை.

என் தம்பி வானிலை அலுவலகத்தில் குமாஸ்தா. ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல் அப்பாவின் நோட்டுகளைப் பழைய மழைப் பதிவுகளோடு ஒப்பிட்டிருக்கிறான். கடைசி நான்கு வருடங்களில் பதினேழு இரவுகள் இடித்தன. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"ஏண்ணே, கொட்டுற மழையில குடை பிடிச்சுக்கிட்டா நட்சத்திரம் பாத்தாங்க?"

அவன் மனைவியும் சிரித்தாள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

மண்டபத்தின் வெள்ளிவிழாவில் இதைப் பேசப் போவதாகச் சொன்னான். பேசினால் அப்பாவின் பெயர் சந்தி சிரிக்கும். மூத்தவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

வானம் பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். ஒரு நொடி டார்ச் அடித்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் யாரும் வெள்ளை விளக்கு போடமாட்டோம். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு தொங்கும். வருகிறவர் அதைப் பார்த்து நேராக நடந்து வருவார். அப்பா பழக்கியது. தம்பி ஒருநாளும் அதை மீறியதில்லை.

அமாவாசைக்கு மறுநாள், இருட்டிய பிறகு அவனைக் காரில் அழைத்துப் போனேன். அந்த இடத்துக்கு அவன் வருவது அதுவே முதல் தடவை. கண் பழகும் வரை காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, குவாரி விளிம்பைச் சுற்றிப் போய் எதிர்க்கரையில் தொலைநோக்கியை நிறுத்தி விளக்கைத் தொங்கவிட்டேன். காரிலிருந்து விளக்குக்கு ஒரு நேர்கோடு. நடுவில் அறுபதடி ஆழம். கோட்டை இரண்டு முறை சரிபார்த்தேன். தொழில் பழக்கம்.

"விளக்கு தெரியுதாடா?"

"தெரியுதுண்ணே. வழி எப்படி, மேடு பள்ளம் இருக்கா? முழங்கால் வேற மக்கர் பண்ணுது."

"சமதரைதான். நேரா வா."

வந்தான். காலை நொந்துகொண்டே வந்தான். பிறகு பேச்சு நின்றது.

நான் நட்சத்திரத்தைப் பார்த்து முடித்தேன். ஒளி அளவு எட்டரை, வானம் தெளிவு என்று நோட்டில் குறித்தேன். அந்தக் குறிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. அதன் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

"நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே மாமா" என்று அவன் மனைவி என் கையைப் பிடித்து அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொன்னேன். விளக்கு ஏன் அந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

வழியில் அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்கிறீர்கள். சொன்னான்.

"அப்பா பேருக்கு ஒண்ணும் வராதுண்ணே. கடைசி நாலு வருஷம் அவருக்குக் கண்ணே தெரியல. அந்தப் பதினேழும் உங்க கையெழுத்து. விழாவுல அதைத்தான் சொல்லப் போறேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை ஓட்டினேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். அப்பாவின் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.