பேசாம இறங்கு

— இன்னும் என்னடா பண்ற அங்க? வேலை முடிஞ்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. கேட்டுக்காரரைத் தவிர கீழ ஒரு ஈ காக்கா இல்ல. இறங்கி வா.

— வரேண்ணே. கொஞ்ச நேரம்.

— இதையே மூணு தடவை ரேடியோவுல சொல்லிட்ட. கிரேனை நிறுத்தியாச்சு, கொக்கியை மேல ஏத்தியாச்சு. அப்புறமும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்ன, ஊரை ஆசீர்வாதம் பண்றியா?

— இல்லண்ணே.

— பேப்பர்க்காரன் மறுபடியும் வருவான்னு பாக்கறியோ? ஞாயித்துக்கிழமை போட்ட போட்டோ பத்தலையா?

— அதை விடுண்ணே.

— எப்படி விடறது? கேன்டீன்ல ஒட்டி வச்சிருக்கானுங்க. சாப்பிட உக்காந்து நிமிந்தா உன் மூஞ்சி. பக்கத்துலதானே நானும் நின்னேன்? வெட்டிட்டான். ஓரத்துல என் கையுறை மட்டும் தெரியுது. கீழ நின்னு கையைக் காட்டிக் காட்டி உனக்குப் பன்னெண்டு வருஷமா வழி சொன்னேன். மிச்சம் ஒரு கையுறை.

— நான் சொன்னேண்ணே, அண்ணனையும் சேத்துப் போடுங்கன்னு.

— ஓ, சிபாரிசு வேற பண்ணியா? ரொம்ப சந்தோஷம், பெரிய மனுஷா. என் பொண்ணு அந்தப் படத்தைக் கத்தரிச்சு பீரோ கதவுல ஒட்டியிருக்கா, தெரியுமா? வளந்தா சித்தப்பா மாதிரி ஆவாளாம். ஓரம் கோணலா இருக்குன்னு அந்தக் கையுறையையும் வெட்டிட்டா.

— அண்ணே...

— உனக்குப் பருந்துன்னு பேரு. எனக்கு என்ன பேரு? 'பருந்தோட அண்ணன்'. வயசுல மூத்தவன் நான், பேரு மட்டும் உங்கிட்ட கடன்.

— அண்ணே, கால் வர மாட்டேங்குது.

— என்னது?

— ஏணியில கால் வைக்கப் போனா ரெண்டு முட்டியும் வெடவெடன்னு ஆடுது. கதவைத் தொறக்கறேன், மூடிடறேன், தொறக்கறேன், மூடிடறேன். சத்தியமா கிண்டல் இல்லண்ணே.

— நீயா? உனக்கா?

— சிரிக்கிறியா?

— ஆமாடா. பொய் சொல்ல மாட்டேன், வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிஷம் இரு... சரி, சிரிச்சு முடிச்சுட்டேன். பாதுகாப்பு ஆபீசருக்குப் போன் போடவா?

— வேணாம்ணே! விஷயம் வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். அப்புறம் என்னை எவனும் மேல ஏத்த மாட்டான்.

— எத்தனை நாளா இப்படி?

— திங்கக்கிழமையிலேருந்து. காலையில பல்லைக் கடிச்சுக்கிட்டு, கீழ பாக்காம ஏறிடறேன். இறங்கறதுதான் முடியல. நேத்து அரை மணி ஆச்சு. இன்னைக்கு ஒண்ணும் நடக்கல.

— திங்கக்கிழமை என்ன ஆச்சு?

— அதுக்கு மொத நாள், ஞாயித்துக்கிழமை, அம்மாகிட்ட போட்டோ காட்டப் போனேன்ல...

— அதானே பாத்தேன். உடனே தொட்டிக் கதையை எடுத்திருப்பா. பதினோரு வயசு அண்ணன்காரன் தண்ணித் தொட்டி உச்சியில தலை சுத்தி நின்னானாம். ஆறு வயசுத் தம்பி ஏறிப் போய், அண்ணன் காலை ஒவ்வொண்ணா எடுத்துப் படியில வச்சு இறக்கினானாம். வர்றவன் போறவன் அத்தனை பேர்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். மூத்தவனுக்குத் தலை சுத்தற ஒடம்பு, சின்னவனுக்குச் சிங்க நெஞ்சு.

— அது பொய்யாம்ணே.

— எதுடா?

— மேல மாட்டிக்கிட்டு அழுதது நானாம். ஏறி வந்தது நீயாம். என் காலைப் புடிச்சுப் படியில வச்சு இறக்கி விட்டுட்டு, துருப்பிடிச்ச படி ஒடஞ்சு நீ விழுந்தியாம். தலையில அடி, மூணு நாள் ஆஸ்பத்திரி. நான் பயந்து போய், ஒரு வார்த்தை பேசாம கெடந்தேனாம். நாற்காலியில தூக்கி வச்சாக்கூட இறங்கி ஓடுவேனாம். அதான், என் பயம் போகட்டும்னு ஆளை மாத்திச் சொல்லியிருக்கா. இப்ப போட்டோவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, 'அன்னைக்குத் தொட்டி மேல ஒண்ணுக்குப் போன பயலாடா இவன்'ங்கறா. வாய் தவறி வந்துருச்சு அவளுக்கு. விடாம கேட்டு மிச்சத்தை வாங்கினேன்.

— ம்.

— எனக்கு ஏறின மாதிரியேதான்ணே ஞாபகம் இருக்கு. இரும்பு சுட்டதுகூட ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு நாளும் இந்த ஏணியைத் தொடும்போது 'ஆறு வயசுலயே ஏறினவன்டா நீ'ன்னு சொல்லிக்கிட்டுதான் தொடுவேன். இப்ப சொல்லிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அண்ணே? இருக்கியா? ஏதாவது சொல்லு. திட்டு.

— அப்புறம் திட்டறேன். ரேடியோவைத் தோள்ல மாட்டு. பெல்ட்டு கொக்கி சரியா இருக்கா பாரு. கதவைத் தொற. ஏணிப் பக்கம் திரும்பு.

— அண்ணே, விழுந்துட்டேன்னா?

— பன்னெண்டு வருஷமா என் பேச்சைக் கேட்டுத்தானே சுமையை இறக்கற? ஒரு கண்ணாடி ஒடஞ்சிருக்கா? இன்னைக்கு நீதான் சுமை. ரேடியோவுல பேசப் பொத்தானை அமுக்கணும்னா ஏணியிலேருந்து கையை விடணும், அதனால தரைக்கு வர்ற வரைக்கும் நீ பேசாத. நான் பேசறேன். நீ பேசாம இறங்கு.

— இடது கால். கீழ. இன்னும் கொஞ்சம். ம், பட்டுச்சா? அடுத்தது வலது. அவசரமே இல்ல. கை மாத்து. பெல்ட்டை மாத்து. ஏணியை மட்டும் பாரு.

— மொத தட்டு. சபாஷ். அந்த இரும்புப் பலகை மேல நின்னு மூச்சு வாங்கு. இன்னும் பதிமூணு தட்டுதான். நீ மூச்சு வாங்கற நேரத்துல ஒண்ணு சொல்லிடறேன். உன்னால இப்ப எதுத்துப் பேச முடியாது பாரு, அந்தத் தைரியத்துல சொல்றேன். உன் லைசென்ஸ் பரீட்சை அன்னைக்கு, நீ தோத்துப் போகணும்னு வேண்டிக்கிட்டேன்டா.

— நிக்காத, இறங்கு. கோவம் வந்தா வரட்டும், கோவத்துல கால் நடுங்காது. இடது. வலது. அப்படித்தான்.

— அதே பயிற்சிக்கு நானும் பேர் குடுத்தேன்ல? நாலு படி ஏறினேன். இறங்கி வந்து, 'எனக்குத் தலை சுத்தற ஒடம்பு சார்'னு நானே கைப்பட எழுதிக் குடுத்தேன். நீ மேல போன, நான் கீழ நின்னேன். உன்னை அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து விட்டுப்போச்சு. அந்த வலி பொறாமைன்னு எனக்கு நல்லாத் தெரியும். டாக்டர்கிட்ட எலும்பு தேய்மானம்னு சொல்லித் தைலம் வாங்கிட்டு வந்தேன். உங்க அண்ணி தெனம் தேச்சு விடுவா. தேய்க்கும்போதே ஜன்னல் வழியா உன் கிரேனைக் காட்டி, 'கொழுந்தன் எவ்ளோ உயரத்துல இருக்காரு பாருங்க'ம்பா. அப்புறம் எங்கேருந்து வலி போகும்?

— எட்டாவது தட்டு. காத்து அடிக்குது, அடிச்சா அடிக்கட்டும், நீ ஏணியோட ஒட்டிக்கோ. நான் சொன்னப்புறம் காலை எடு. இப்ப இல்ல... இப்ப இல்ல... இப்ப. வலது.

— பத்து. முதுகு நல்லாத் தெரியுது. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே! அழறியா? கண்ணைத் தொடைக்கறேன்னு கையை விட்டுடாத. மூக்கு ஒழுகினா ஒழுகட்டும், இங்க எந்தப் பேப்பர்க்காரனும் இல்ல.

— பதினாலு. கடைசித் தட்டையும் தாண்டியாச்சு. கையெட்டற தூரத்துக்கு வந்துட்ட. இதோ, என் கை உன் காலுக்குக் கீழதான் இருக்கு. வை. இன்னொண்ணு. வை.

— தரைடா. ஏணியை விடு. விடுடா, இதுக்குக் கீழ போக எடமில்ல.

— அண்ணே...

— மொதல்ல தண்ணியைக் குடி. நாளைக்கு லீவு போடு. அப்புறம் ஏறுறதா வேணாமான்னு சாவகாசமா யோசி.

— உன் எடத்துல நான் உக்காந்துட்டேன்ல? அம்மா அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா, மேல நீதானே இருந்திருப்ப? அவ மேல உனக்குக் கோவமே வரலையா?

— அவ அந்தக் கதையை உனக்கு எங்க வச்சு சொன்னா, தெரியுமா? ஆஸ்பத்திரியில, என் கட்டிலுக்குப் பக்கத்துல. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேனே ஒழிய, நான் தூங்கல. மூணு நாளா வாயே தொறக்காத நீ, 'நானாம்மா ஏறினேன்?'னு கேட்டுச் சிரிச்ச. சரி, அவனே வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

— அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா நாலு படியில இறங்கி வந்த?

— பொய்னு தெரிஞ்சுதான்டா ஏணியில கால் வச்சேன். தலை நெஜமாவே சுத்துச்சு.