ஜூடித் மிஸ்ஸி பாராட்டிய கால்

...நல்லாயிருச்சாம்லா. பாருங்கண்ணே இந்தக் காயிதத்த. ‘காலுக்கு முழு பலம் வந்தாச்சு, திங்கக்கெழம பஸ் ஓட்டலாம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு, அந்தப் பிசியோ பொண்ணு ஜூடித் மிஸ்ஸி. இந்தப் பாதத்த நீங்களே பாருங்க. மடங்குதா? பலகை மாதிரி நிக்குது. இந்தக் காலத்துல எவருக்கும் பொறுப்பில்லண்ணே.

உக்காருங்க, ஒங்க நம்பர் வர நேரமாகும். ஒங்களுக்கும் இதே ஆப்பரேசனா? எனக்கு எட்டு மாசமாச்சு. சுங்கை சிப்புட் ரோட்டுல லோரி ஒண்ணு என் மோட்டார் சைக்கிள இடிச்சு, இடது கால்ல முட்டிக்குக் கீழ முன்னெலும்பு வெளிய தெரிஞ்சிருச்சு. பின்னால இருந்த கெண்டச்சதைய முன்னால திருப்பிப் போட்டு மூடி, தொடைத் தோல உரிச்சு மேல ஒட்டுனாங்க. நல்லாத்தான் ஒட்டிக்கிச்சு, பொய் சொல்லக் கூடாது. தொல்ல அதுக்கப்புறந்தான். தெனமும் முப்பது தடவ குதிகாலத் தூக்கி எறக்கணுமாம். துண்டப் போட்டுப் பாதத்த இழுக்கணுமாம். வலிக்குதும்மான்னா, வலிச்சாலும் செய்யுங்க அங்கிள்ங்குது.

நான் எஸ்டேட்டுல வளந்தவன்ணே. பட்ட சீவி முடிச்ச ரப்பர் மரத்த என்ன செய்வாங்க? அந்தப் பக்கத்த வருசக்கணக்கா சும்மா விடுவாங்க, பட்ட தானா வளரும். மரத்துக்குக் குடுக்குற ஓய்வ மனுசனுக்குக் குடுக்கக் கூடாதா? மிஸ்ஸிக்கிட்ட இதையே சொன்னேன். ‘அங்கிள், மரம் நடக்கவே வேணாம்’ன்னுச்சு. என்ன வாய் பாருங்க.

மனுசனுக்கு ஒழுக்கம் வேணும்ணே. சிலிபின்ல எங்க கோயில் வகுப்புல வாராவாரம் நான் அதத்தான் சொல்றேன், கால நாக்காலில நீட்டிக்கிட்டு. உழைப்பு ஒரு கால், உண்மை ஒரு கால், ஒண்ணு இல்லன்னா நொண்டிம்பேன். பிள்ளைங்க எழுதிக்குவாங்க.

வீட்டுல செய்யறத வாட்சப்புல வீடியோ அனுப்பச் சொன்னுச்சு மிஸ்ஸி. ஒரு நாள் தவறுனேனா? முட்டி வரைக்கும் அந்த இறுக்கமான ஸ்டோக்கிங், அதுக்கு மேல சாரோங். பாதம் மட்டும் ஏறும், எறங்கும். ‘சூப்பர் அங்கிள்’னு பதில் வரும். நெசமான அக்கறை இருந்தா, அது யாரு காலுன்னு கண்டுபிடிக்க வேணாமா?

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க. வீட்டுக்காரியோட தம்பி தனேஸ்வரன் காலுதான். கல்யாணத்தன்னிக்கு என் காலக் கழுவி விட்டவன், இப்ப எனக்காக ரெண்டு தடவ காலத் தூக்க மாட்டானா? முப்பதுன்னா அம்பது செய்வான். அவன் கெண்டச்சத இப்ப கல்லு மாதிரி இருக்கு. நான் அப்பயே சொல்லியிருக்கலாம்... சொல்லிட்டு கோயில் பிள்ளைங்க முன்னால எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது? அந்த மிஸ்ஸி வீடியோவ மட்டும் நம்பாம நேர்ல ஒரு தடவ அமுக்கிப் பாத்திருக்கணும்ணே. குத்தம் அதும் மேலதான்.

கிளட்ச் இடது காலுலா. நேத்து அமுக்கிப் பாத்தேன், பாதி போவுது, அப்புறம் நின்னுருது. ஓட்ட ஓட்டச் சரியாயிரும்.

கையுறை ஃபேக்டரி பஸ்ணே. காலைல நாப்பது பொண்ணுங்க. என்னா? ஒங்க மகளும் அங்கதானா? எங்க ஏறுது... சிலிபின் முச்சந்தியா? அட, சாந்தினி. ஏறும்போதே வணக்கம் சொல்லுமே, தெரியும்ணே. முதல் சீட்டு, எனக்குப் பின்னாலதான் உக்காரும். இனிமே நான் பாத்துக்கிறேன்.

அண்ணே, ஒங்க நம்பர் இன்னும் வரலியே. கக்கத்துக் கட்டைய ஊனிக்கிட்டு எங்க இவ்ளோ வேகமா... டாய்லட்டா? டாய்லட் இந்தப் பக்கம்ணே.

அண்ணே... அது ஜூடித் மிஸ்ஸி ரூமுலா.