கீழ்வேளூர் போய்ச் சேராத தேக்கு

“என் மரத்த நானே திருடிட்டேனாம் பாய்!”

நாகப்பட்டினம் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையிலிருந்த விவசாயி கத்தினார். பக்கத்திலிருந்த கடைக்கார பாய் திரும்பினார்.

“எந்த மரம்ணே?”

“கொல்லையில நான் வச்ச தேக்கு. வாசக்கதவுக்காக வெட்டினேன். திருத்துறைப்பூண்டி வரைக்கும் கொண்டுபோகத்தான் பெர்மிட் கொடுத்தாங்க. அங்க மரம் அறுக்குற மில்லு பூட்டிக் கெடந்துச்சு. சரின்னு கீழ்வேளூருக்கு வண்டிய விட்டேன். பெர்மிட்டத் தாண்டிட்டேன்னு ஃபாரஸ்ட்காரங்க வழியில மடக்கி, மரத்தப் புடுங்கிக்கிட்டு, திருட்டு மரம்னு கேஸப் போட்டுட்டாங்க.”

“ஓ, அந்தக் கேஸா! ஜெயிச்சுட்டீங்கன்னு சொன்னாங்களே?”

“ஜெயிச்சேன். மரத்த எடுக்க ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனா, வீட்டுக்குக் கொண்டுபோக வேற பெர்மிட் வேணுமாம். அலைஞ்சு அதையும் வாங்கிட்டுப் போனேன். என் மரம் கட்டிப்புடிச்சா கைக்கு அடங்காது பாய். அங்க கெடக்குறது பூரா கோணக் கொம்பு. ‘இதான்யா ஒன் மரம், தூக்கிட்டுப் போ’ங்குறான்.”

“அடப்பாவி! தூக்கிட்டு வந்துட்டீங்களா?”

“தொடவே இல்ல. இத்தன நாளு அவங்க கூப்புட்டப்பல்லாம் கோர்ட்டுல போயி கைகட்டி நின்னேன். இன்னைக்கி நான் கேஸ் போடப் போறேன். அவங்க வந்து நிக்கட்டும்.”