பிரதான சாரதி அந்தோனியம்மா

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் தம்பி. இந்தக் குளிரில் பேச்சைத் தொடங்குவதற்குள் ஆறிப்போகும். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். போனில் பதிவு செய்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மறைத்ததை எல்லாம் இப்போது சொல்லிவிடத்தான் போகிறேன்.

உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி என்ன சொல்கிறது? அந்தக் காரை உண்மையில் ஓட்டியது என் தங்கச்சி மகன் மிலானாம். நான் பெயருக்குத்தான் பிரதான சாரதியாம். மற்றக் குற்றங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இது மட்டும் அபாண்டம். அதனால்தான் உங்களை வரச் சொன்னேன்.

என்னைத் தலவாக்கலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்காரர் ஸ்கூல் வான் ஓட்டினார். அவர் போன பிறகு நான் ஓட்டினேன். இந்தத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் என் வானில் போய்த்தான் படித்தார்கள். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட என் டயர் ஏறியதில்லை. "ரெண்டாம் கியருக்கு மேல போடாத அந்தோனி" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். நானும் போட்டதில்லை. வானை வாங்க வந்தவன், மூன்றாம் கியர் கடையில் வைத்த மாதிரி அப்படியே இருக்கிறதென்று ஆச்சரியப்பட்டான்.

தங்கச்சி குவைத்தில் வேலை செய்கிறாள். மிலான் சின்ன வயதிலிருந்தே என்னிடம்தான் இருக்கிறான். வயது இருபத்தொன்று, கராஜில் வேலை. தங்கமான பிள்ளை. அவன் ஒரு பழைய லான்சரை வாங்கி, இரண்டு வருஷமாக அதை வேறு என்னவோவாக மாற்றினான். எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினான். அதற்கு ஒரு டர்போ. காரின் வயிறு நிலத்தில் உரசுகிற மாதிரி பதித்தான். சைலன்சர் கோயில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கிற பானை அளவு. பின்னால் துணி மடிக்கிற மேசை போல ஒரு ஸ்பொய்லர். நிறம் ஊதா. அவன் ஸ்டார்ட் பண்ணினால், கொழுந்து பறிக்கிற பெண்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்து ஏசுவது இங்கே கேட்கும்.

சித்திரை மாதம் நுவரெலியாவில் மலையேற்றக் கார்ப் போட்டி நடக்குமில்லையா? அதில் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவன் கனவு. ஆனால் இந்தக் காருக்கு, இந்த வயதுக்கு, எந்தக் கம்பெனியும் முழு இன்சூரன்ஸ் கொடுக்கவில்லை. ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது வாகனமா, ஆயுதமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா, சும்மா உங்க பேர மட்டும் போட்டுக்கிறேன். பிரதான சாரதி நீங்கன்னு. கோயிலுக்கும் சந்தைக்கும் போக எடுத்த கார்னு சொல்லுவோம். உங்களுக்கு ஒரு கீறலும் இல்லாத லைசன். உடனே குடுப்பாங்க."

"நான் அத ஓட்ட மாட்டேனே ராசா."

"ஓட்ட வேணாம். பேர் மட்டுந்தான்."

கையெழுத்துப் போட்டேன். காரைப் பார்க்க வந்த உங்கள் கம்பெனி ஐயா நல்ல மனிதர். மிலான் காரை உயரமான மானாப் புல்லுக்குள் நிறுத்தியிருந்ததால் சக்கரம் தெரியவில்லை. நான் சீட்டுக்கெல்லாம் பின்னல் உறை போட்டு, முன்னால் மாதா சுரூபம் வைத்திருந்தேன். நிறத்தைப் பற்றிக் கேட்டார். "தவக்காலத்துல ஃபாதர் பூசைக்கு உடுத்துற நிறம்ங்க ஐயா" என்றேன். ஸ்பொய்லரில் கோயில் பீடத்துணியைத் துவைத்து விரித்திருந்தேன். அது என்னவென்று கேட்டார். "துணி காயப்போடுற தட்டு" என்றேன். துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் பிரதான சாரதி என்பது பொய். அது முள்ளு மாதிரிக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் எடுக்கப் போனால் கால் பின்னுக்கு இழுத்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால் பிள்ளை மாட்டிக்கொள்வான். யோசித்துப் பார்த்தேன். வழி ஒன்றுதான் இருந்தது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும். நான் ஓட்டத் தொடங்கினால், அது பொய்யே இல்லை.

மிலான் கராஜுக்கு நடந்து போன ஒரு காலையில் சாவியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டேன். வானை அழுத்துகிற மாதிரித்தான் காலை வைத்தேன். அது போகவில்லை தம்பி, பாய்ந்தது. எனக்கு முன்னால் போன ஹட்டன் பஸ் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. எப்படி என்று இன்றுவரை தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். பஸ் கொண்டக்டர் நெற்றியில் திருநீறு பூசியவர், என்னைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். சந்தையில் உடனே நிறுத்தாமல் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். பயத்தால்தான் என்று நினைக்கிறேன். ஒரு கட்டுக் கீரை வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உப்பு வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. மறுபடி போனேன்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. மிலானும் ஓட்டினானே. பிரதான சாரதி என்றால் அவனைவிட நான் கூட ஓட்டியிருக்க வேண்டும். அவன் ஹட்டனுக்குப் போனால் நான் நுவரெலியாவுக்குப் போனேன். அவன் நானுஓயாவுக்குப் போய்வந்தால் நான் உடப்புசல்லாவைக்குப் போனேன். உடப்புசல்லாவையில் எனக்கு யாரும் இல்லை. ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். கடமை என்று வந்துவிட்டால் கஷ்டம் பார்க்க முடியாது.

இப்படியே போனால் பெற்றோலுக்குக் கட்டாது. நான் கூட ஓட்டுவதைவிட, அவன் குறைய ஓட்டினால் எல்லாருக்கும் நல்லது என்று பட்டது. அவன் அதிகமாகப் போனது றொசல்லவுக்கு. அங்கே ஷாமிலா என்று ஒரு பிள்ளை, முன்பள்ளி டீச்சர். இரண்டு பேருக்கும் விருப்பம். எனக்கும் அந்தப் பிள்ளையைப் பிடிக்கும். அதனால்தான் போனில் சொல்லாமல் நேரிலேயே போய்ச் சொன்னேன். காரில்தான் போனேன்.

"ஷாமிலா, உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மிலானுக்கு தேவ அழைத்தல் வந்திருக்கு."

"என்ன ஆன்ட்டி வந்திருக்கு?"

"சாமியாராகப் போறான்மா."

அந்தப் பிள்ளை வாசலில் நின்ற காரை ஒரு தரம் பார்த்தது. பிறகு, "நேத்துக்கூட டயரப் பத்தித்தானே ஆன்ட்டி பேசினாரு" என்றது. "மனசுக்குள்ள வச்சிக்கிட்டு வேதனப்படுறான். நீயா எதுவும் கேட்டுராத" என்றேன். அழுதது. நானும் அழுதேன். திரும்பி வரும்போது றோடு காலியாக இருந்தது.

பொய் என்று சொல்லாதீர்கள் தம்பி. அழைத்தல் யாருக்கு எப்போது வரும் என்று நமக்குத் தெரியுமா? நான் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஷாமிலாவிடம் ஒன்று சொல்லிவிட்டு எங்கள் கோயில் ஃபாதரிடம் வேறொன்று சொல்லக்கூடாதில்லையா? அதனால் ஃபாதரிடமும் சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயில் பங்கிலிருந்து யாரும் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய் ரொம்பக் காலம். அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மிலான் கையில் கிரீஸோடு வாசலில் நின்றான். "இல்ல ஃபாதர், எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்றான்.

"அழைப்பு வந்தவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க மகன்" என்றார் ஃபாதர்.

"ஐயோ ஃபாதர், நான் ஒரு பொம்பளப் பிள்ளைய விரும்புறேன்."

"அதுவும் சொல்லுவாங்க."

கண்டிப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. மிலான் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து செபமாலையை உருட்டினேன். தங்கச்சி குவைத்திலிருந்து வீடியோவில் வந்து சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவனால் ஆகவில்லை. நல்ல பிள்ளை என்று முன்னமே சொன்னேன்தானே.

அவன் அங்கே போன அதே வாரத்தில்தான் கார்ப் போட்டி. அதை நான் திட்டமிடவில்லை. ஃபாதர் கேட்டபோது அந்தத் திகதியைத் தற்செயலாகச் சொன்னேன்.

போட்டிக்கு மிலான் பெயர் கொடுத்திருந்தான். பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் மரியாதையா? கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற அவனுடைய போட்டி முழுக்களிசானைச் சேலைக்கு மேலேயே இழுத்து மாட்டினேன். ஹெல்மெட்டைப் போட்டேன். வரிசையில் நிற்கும்போது ஒருவர் குனிந்து "மிலானா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "என்ன குரலே வரல்ல?" என்றார். "தடிமன், சளி" என்றேன்.

கொடி விழுந்தது. முதலாம் கியர், இரண்டாம் கியர். அதில் கொஞ்ச தூரம் போனேன். எனக்குப் பழக்கமான இடம் அதுதான். எஞ்சின் கத்தியது, முன்னால் வளைவு. என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். "மன்னிச்சிருங்க" என்று வாயால் சொல்லிவிட்டு மூன்றாம் கியரைப் போட்டேன். பிறகு நான்காம் கியர். அதற்குப் பிறகு நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை தம்பி. மரங்கள் எல்லாம் ஒரே பச்சைத் துணியாகப் போய்விட்டன. யாரோ பெரிதாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டேன். நல்ல குறைந்த நேரத்தில் தாண்டினேன் என்று பிறகு கேள்விப்பட்டேன். தாண்டினால் நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே வளைவு இருந்தது. வளைவுக்குக் கீழே லீக்ஸ் பாத்தி. பாத்திக்கு நடுவே உங்கள் கம்பெனியின் விளம்பரக் கூடாரம். வாசலில் காற்றடைத்த பெரிய யானை பொம்மை ஒன்று, தும்பிக்கையில் உங்கள் கம்பெனிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் ஒரு காயமும் இல்லை. எல்லாரும் வடை சாப்பிடப் போயிருந்தார்கள். யானை மட்டும்தான் வெடித்தது. லீக்ஸ் இப்போது நல்ல விலை என்பதால் தோட்டக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டார். நான் காரின் மேல் சரிந்த கூடாரத் துணிக்குள்ளேயே ஹெல்மெட்டையும் களிசானையும் கழற்றினேன். சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து கூட்டத்தோடு நின்றேன். "அம்மா, ஓட்டின பொடியன் எங்க போனான்?" என்று ஒரு பொலிஸ்காரர் கேட்டார். நான் ஏரிப் பக்கம் கையைக் காட்டினேன்.

பிறகுதான் நட்டஈட்டுக்கு எழுதினேன். எங்கே போகும்போது என்ற கேள்விக்குக் கோயிலுக்கு என்று எழுதினேன். அன்று மாலைப் பூசைக்குப் போகத்தான் இருந்தேன். எதில் மோதியது என்ற கேள்விக்கு யானை என்று எழுதினேன். நுவரெலியாக் குளிரில் யானை ஏது என்று உங்கள் மேனேஜர் கேட்டதாகச் சொன்னீர்கள். அவருடைய யானைதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆகவே, ஓட்டியது நான். பார்க்க வந்தவரை ஏமாற்றியதும் நான். ஷாமிலாவை அழவைத்ததும், மிலானைக் கொண்டுபோய் அடைத்ததும், பொலிஸ்காரரை ஏரிக்கு அனுப்பியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசி இரண்டு மாதத்தில் அந்தக் கார் ஓடிய தூரத்தில் முக்கால்வாசி என் காலால் ஓடியது. பிரதான சாரதி நான்தான். அந்த விஷயத்தில் உங்கள் கம்பெனிக்கு நான் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை.

மிலானா? ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து அழுகிறான். ஆனந்தக் கண்ணீர் என்று ஃபாதர் சொல்கிறார். ஷாமிலாவும் மனசு விட்டுப்போய், தானும் கன்னியாஸ்திரி ஆகப்போவதாக மடத்தில் கேட்டிருக்கிறதாம். ஒரே காரில் இரண்டு தேவ அழைத்தல். பிஷப்பே வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களை எப்படி வெளியே எடுப்பது என்று நானும் யோசிக்கிறேன். போய்ப் பேச வேண்டும். பஸ்ஸில் போனால் ஒரு நாள் முழுக்க எடுக்கும்.

வெளியே நிற்கிற சிவப்புக் கார் உங்களுடையதுதானே? கம்பெனியில் கொடுத்ததா? நீங்கள் வரும்போது சத்தத்தைக் கேட்டேன், எஞ்சின் நல்லதாகத் தெரிகிறது. பொலிசுக்குப் போக வேண்டும் என்றால் இப்போதே போகலாம், நான் தயார். நீங்கள் கொழும்பிலிருந்து விடியவே புறப்பட்டு வந்து களைத்துப்போயிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்து வளைவுகளும் உங்களுக்குப் பழக்கமில்லை. சாவியை இப்படிக் கொடுங்கள். உங்களுக்காகத்தான் சொல்கிறேன் தம்பி, எனக்கு வண்டி ஓட்டுவதில் எல்லாம் அப்படி ஒன்றும் ஆசையில்லை.