கொஞ்சம் உட்காரட்டும்

இல்லண்ணே, அந்த ஸ்விட்ச்ச மட்டும் தொடாதீங்க. போர்டு மாத்துறதுக்கு மத்தது எல்லாத்தையும் அணைச்சுக்கோங்க. ஃபேன், ஏசி, என் கம்ப்யூட்டர், எது வேணும்னாலும். நான் வேர்த்து விறுவிறுத்து உக்காந்துக்கறேன். அந்தப் பெட்டி மட்டும் ஓடட்டும்.

ஆமா, சத்தம் அதுலேருந்துதான் வருது. டொக்... டக். டொக்... டக். ஒண்ணு கனமா, ஒண்ணு லேசா. ரிப்பேர்லாம் இல்லண்ணே, வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கேன். ஏசிக்காரர் ஒருத்தர் எண்ணெய் விட்டுச் சரி பண்றேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வெச்சேன்.

உள்ளயா? மனுஷ முட்டியோட குருத்தெலும்பு. அட, பின்னாடி போகாதீங்க, கடிக்காது! முட்டி மாத்துற ஆபரேஷன்ல வெட்டி எடுத்துப் போடுறாங்கல்ல, அதுல உயிரோட இருக்கற செல்ல எடுத்து, ஜெல்லி மாதிரி ஒண்ணுல வெச்சு வளக்கறோம். மைக்ராஸ்கோப்புல பாத்தா உருண்டையா இருக்கும். மெஷின் மேலேருந்து ஒரு அமுக்கு அமுக்கும், நசுங்கித் தட்டையாயிடும். விட்டா, திரும்ப உருண்டை. இதையே நாள் முழுக்க. இதுக்கா சம்பளம்னு தோணுதுல்ல? என் மாமியாரும் அதான் கேப்பாங்க. ஒரு தடவை வீட்டுச் சாவி வாங்க இங்க வந்தாங்க. அந்த வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் இந்தச் சத்தத்தக் கேட்டாங்க. சாவிய வாங்காமலே திரும்பிப் போயிட்டாங்க.

ஏன் அமுக்கணுமா? மத்த உறுப்புக்கெல்லாம் ரத்தம் சாப்பாடு கொண்டு போய்க் குடுக்கும். இதுக்கு ரத்தக் குழாயே கிடையாதுண்ணே. கால ஊனும்போது பிழியும், தூக்கும்போது உறிஞ்சும், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு மாதிரி. அதுல வர்றதுதான் சோறு. விடாம அமுக்கினா செத்துடும். அமுக்காமலே விட்டாலும் தான் யாருங்கறதே மறந்து போயி, சும்மா கெடக்கும். பாதம் படுறது அதுக்குத் தெரியும். எவ்வளவு கனம், எப்ப விடுதுன்னு பாத்து, அதுக்கேத்த மாதிரி தன்னச் சுத்தி மெத்தை கட்டிக்கும்.

மத்தவங்க செல்லுக்கெல்லாம் ஒரே அளவு அமுக்குதான். இங்க ரெண்டு தட்டு இருக்கு பாருங்க, வலது முட்டி ஒண்ணு, இடது முட்டி ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளோடது. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பலகை மேல நடக்க விட்டு, எந்தக் கால் எவ்வளவு அழுத்துதுன்னு பதிஞ்சு வெப்போம். அந்த நடையவே இதுக்குக் குடுத்துட்டேன். நொண்டி நடைதான், ஆனா அவரு நடை.

ஆராய்ச்சியா? அது முடிஞ்சு போச்சு. மத்ததெல்லாம் கொட்டியாச்சு. இத மட்டும் இந்த லேப்ப நடத்துற டாக்டரம்மா கண்டும் காணாம விட்டுட்டாங்க.

என்னது? மெயினையே அணைக்கணுமா? எவ்வளவு நேரம்?

அரை மணியா. ம்.

அரை மணில ஒண்ணும் சாகாதுண்ணே, எனக்கே தெரியும். நடந்தவரு கொஞ்சம் உக்காந்து எந்திரிக்கிற நேரம்தான. அதுக்காகப் பயப்படல. சத்தம் நிக்கும் பாருங்க, அதான் மனசு ஒத்துக்க மாட்டேங்குது.

அந்த நடை என் வீட்டுக்காரரோடதுண்ணே. புது முட்டி வெச்சும் பழைய நடை போகல. மாடிப்படில ஏறி வந்தாருன்னா டொக்... டக்னு உள்ள வரைக்கும் கேக்கும். அன்னைக்கு நான் துணி மடிச்சுட்டு இருந்தேன். பாதிப் படில சத்தம் நின்னுச்சு. உடனே ஓடிப் போய்க் கதவத் திறந்தேன். ஹார்ட் அட்டாக். அவ்வளவுதான்.

அட, ஸ்க்ரூ டிரைவர ஏன் கீழ வெக்கிறீங்க? வேலையப் பாருங்க. அணைச்சுக்கோங்க, பரவால்ல. திரும்பப் போடும்போது மட்டும் ஒரு குரல் குடுங்க, நான் பெட்டி பக்கத்துல வந்து நின்னுக்கறேன். நின்ன சத்தம் மறுபடி வர்றத ஒரு தடவையாவது கேக்கணும்ணே.